பூப்பாறை ஏற்றத்தில் குருவம்மாள்

ஏற்றம் வந்ததும் குருவம்மாள் பேச்சை நிறுத்திவிடுவாள். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி. "நேத்து நம்ம லயத்துல சின்னத்தாயி கோழி இருக்குல்ல, அது..." என்று சொல்லிக்கொண்டே வருவாள். பூப்பாறைச் சந்தியைத் தாண்டிச் சாலை நிமிரத் தொடங்கியதும் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் மெல்ல மெல்ல மேலே போகும். பின்னால் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் கணவர் வீரபாண்டி அவசரப்பட மாட்டார். வெகுநேரம் கழித்து, தேயிலைக் காட்டுக்கு நடுவே சாலை கொஞ்சம் மட்டமாகும் இடத்தில், அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடர்வாள்: "...அடுப்புக்குள்ள போயி முட்டை போட்டிருக்கு."

"யார் கோழி?" என்பார் வீரபாண்டி. வேண்டுமென்றே கேட்பதுதான்.

நான் சின்னக்கானல் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் பூப்பாறைக்கு இறங்கும்போதெல்லாம் இந்த ஜோடியைப் பார்க்கிறேன். போகும்போது அவர்கள் இறக்கத்தில் பேருந்தை முந்துவார்கள். வரும்போது பேருந்து அவர்களை முந்தும்.

குருவம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். குள்ளம். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்ப்பேறிய விரல்கள். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற அதே உடுப்புதான் சைக்கிளுக்கும். தூக்கிச் செருகிய சேலை, மேலே முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிய துணி. சேலைக்குள்ளே கணவரின் பழைய காக்கி அரைக்கால் சட்டை ஒன்று. இது ஒன்றும் ரகசியமில்லை. கொடியில் காயப்போடும்போது யாராவது கேலி செய்தால், "உனக்கும் ஒண்ணு தச்சுத் தரவா?" என்று கேட்பாள்.

ஏற்றத்தில் கடைவாயில் ஓர் ஏலக்காய் கிடக்கும். "வாய் சும்மா கெடந்தா பேசத் தோணும் சார். பேசுனா மூச்சு போயிரும். அதுக்குத்தான் ஏலக்கா" என்றாள் ஒருமுறை. சைக்கிளில் மணி உண்டு. ஆனால் அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "மணி மாட்டுக்குக் கட்டுறது. மனுசன்கிட்ட, அண்ணே தள்ளிக்கிடுங்கன்னு சொன்னா ஆகாதா?" அதனால் அவள் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். அண்ணன், தம்பி, அக்கா, மாமா என்று சாலையில் போகிற எல்லோருடனும் உறவு சொல்லிக்கொண்டே ஒரு குரல் வளைவு திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் சைக்கிள்.

அந்த வண்டி வீரபாண்டியுடையது. ஒரு காலத்தில் இந்த மலையில் அவருக்குச் சமமாகச் சைக்கிள் ஏற்ற ஆளில்லை. பொங்கலுக்குத் தொழிலாளர் மன்றம் நடத்துகிற மலைப் பந்தயத்தில், பூப்பாறையிலிருந்து சின்னக்கானல் கடைத்தெரு வரை, தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தவர். ஒரு மழைக்காலத்தில் கொழுந்து ஏற்றிய டிராக்டர் சறுக்கிக் கவிழ்ந்தபோது அடியில் அவர் கால் சிக்கியது. எலும்பு கூடிவிட்டது. முழங்கால் மட்டும் மடங்கவில்லை. இப்போது பேக்டரியில் உட்கார்ந்தபடி சாக்குத் தைக்கிறார். பூப்பாறை வைத்தியர் வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுக் கட்டுகிறார்.

முதலில் பேருந்தில்தான் போய்வந்தார்கள். படி உயரம். மடங்காத காலை வைத்துக்கொண்டு அவர் ஏறுவதற்குள் வண்டியில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் கூட்டத்திலிருந்து யாரோ, "மூட்டையை மேல போட்டுட்டுப் போங்கப்பா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். வீரபாண்டி ஏறிய காலை இறக்கிக்கொண்டார். அன்றிலிருந்து பேருந்து இல்லை, வைத்தியமும் இல்லை. அடுத்த மாதமே வலி கூடிவிட்டது.

குருவம்மாள் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்த சைக்கிளை வெளியே இழுத்தாள்.

சமதரையே இல்லாத ஊரில் சைக்கிள் பழகுவது எப்படி என்று எனக்கு வியப்பு. கேட்டேன். "எறக்கத்துல ஏறி உக்காந்தேன். அது பாட்டுக்குப் போச்சு. நிப்பாட்டத் தெரியல. தேயிலைச் செடிக்குள்ள போயி விழுந்தேன். தேயிலை நல்ல செடி சார், மெத்தை மாதிரி தாங்கிக்கிடும்." பிறகு பிள்ளைகளைப் போலச் சட்டத்துக்குள் கால் விட்டுக் குரங்குப் பெடல், அதற்குப் பிறகு சீட்டு. கற்றுக்கொடுத்தவர் வாசலில் உட்கார்ந்து கத்திய வீரபாண்டிதான். ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏறுங்க" என்றாள். அவர் லயத்து வீட்டு வரிசையை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு ஏறினார்.

ஏற்றத்தில் இரண்டு வளைவுகள் சுவர் போல நிற்கும். அங்கே மட்டும் அவள் இறங்கித் தள்ளுவாள். அவர் இறங்கப் பார்ப்பார். "அசையாம இருங்க, வண்டி ஆடுது" என்று அதட்டுவாள். பேருந்து ஓட்டுநர் மலையாளி, நல்ல மனிதர். அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கி, "சேச்சி, கேறுன்னோ?" என்று ஏறிக்கொள்ளச் சொல்லிக் கேட்பார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளுவாள்.

சென்ற பொங்கலுக்கு முன்பு அவள் மன்றத்துக்குப் போனாள். செயலாளர் ஆசீர்வாதம், பேக்டரி ஆபீசில் வேலை பார்க்கிற இளைஞர். நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, மலை ரேசுல என் பேரையும் போட்டுக்கிடுங்க."

ஆசீர்வாதம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அக்கா, பொம்பளைங்களுக்கு எலுமிச்சம்பழம், கரண்டி ரேசு இருக்கு. அதுல சேந்துக்கிடுங்க."

"எலுமிச்சம்பழத்த நீங்களே கவ்விக்கிட்டு ஓடுங்க. நான் வாராவாரம் போற ரோட்டுலதான போகப்போறேன்."

"கூட ஓட்டுறவன்லாம் எளவட்டம் அக்கா."

"இருக்கட்டும். அவனுக பின்னால ஆள வச்சுக்கிட்டு ஓட்டுறானுகளா?"

ஆசீர்வாதம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பெயர் சேர்ந்துவிட்டது.

சிக்கல் வீட்டில்தான். வைத்தியத்துக்குச் சைக்கிள் ஓட்டுவது ஒன்று, பந்தயத்துக்கு ஓட்டுவது இன்னொன்று என்று வீரபாண்டி நினைத்தார். "ஊர் சிரிக்கும்" என்றார். சிரித்தால் சிரிக்கட்டும் என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவளே எனக்குச் சொன்னாள். சொல்லும்போது மட்டும் குரல் தணிந்தது. "அந்த வண்டி ரேசுக்குப் போனா எங்கூடத்தான் போகும்னு நெனச்சிருந்தேன் பிள்ள. இனி அது போகாட்டியும் சரின்னு மனச ஆத்திக்கிட்டேன். இப்பப் போயி நீ எடுக்கிற."

அதற்குப் பிறகு ஒரே அறையில் இரண்டு பேர், பந்தயத்துக்கு முந்தின நாள் வரை ஒரு வார்த்தை கிடையாது. ஏற்றத்தில் வாயை மூடிப் பழகியவளுக்கே அது தாங்கவில்லை. பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாளாம்.

அந்த முந்தின நாள் மாலை மலையிலிருந்து இறங்கி வந்தவள் வாசலில் அப்படியே நின்றாள். சைக்கிள் சைக்கிளாக இல்லை. சங்கிலி ஒரு பக்கம், மட்கார்டு ஒரு பக்கம், சக்கரங்கள் சுவரில் சாய்ந்து. நடுவே வீரபாண்டி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கருப்பு.

"ஒடச்சுப் போட்டீகளாக்கும்" என்றாள். கொழுந்துக் கூடையைத் தொப்பென்று போட்டாள். "என் மேல இருக்கிற கோவத்த இது மேல காட்டிட்டீகளா? இதோட சனியன் தொலைஞ்சதுன்னு சந்தோசமா?"

அவர் நிமிரவில்லை. மண்ணெண்ணெயில் ஊறிய சங்கிலியை எடுத்துத் துடைத்தார். "மட்கார்டு எதுக்கு, மழையா பெய்யுது? சங்கிலி பூரா மண்ணு. இதவச்சா இம்புட்டு நாளா மிதிச்ச?" துடைத்துக்கொண்டே, "கேரியரையும் கழட்டிட்டேன். வெயிட்டு" என்றார்.

கழற்றிய கேரியர் கதவுக்குப் பின்னால் இருந்தது. குருவம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு டம்ளரில் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பந்தயத்தன்று பனி இன்னும் விலகவில்லை. பூப்பாறைச் சந்தியில் இளவட்டங்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். உடும்பஞ்சோலையிலிருந்து வந்த பையன்தான் முந்தின வருடம் ஜெயித்தவன். விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். குருவம்மாள் கடைசியாகக் கிளம்பினாள். கடைத்தெருவில் சிரிப்புச் சத்தம் எழுந்தது.

"ஏத்தம் ஆரம்பிச்சதும் எனக்குப் பயமாப் போச்சு சார். வண்டி காத்தாடி மாதிரிப் போகுது. ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டேன், அவுக எங்கயும் விழுந்துட்டாகளோன்னு."

முதல் சுவர் வளைவுக்குள் பாதிப் பேருக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து, "தம்பி, தள்ளிக்கிடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்தவனுக்கும் அதே மரியாதை. அவள் வாராவாரம் தள்ளுகிற அந்த இடத்தை முதல்முறையாக மிதித்தே கடந்தாள்.

இரண்டாவது வளைவில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வீரபாண்டி உட்கார்ந்திருந்தார்; வேடிக்கை பார்க்க வந்த நானும் அங்கேதான் நின்றேன். காலையிலேயே பால் ஜீப்பில் ஏறி வந்து இறங்கியிருக்கிறார். அவளிடம் சொல்லவில்லை. தன் காலத்தில் மற்றவர்களை அவர் பிரித்துக்கொண்டு போகிற இடம் அதுதானாம்.

"உக்காராத பிள்ள, எந்திரிச்சு மிதி" என்று கத்தினார்.

கேரியரில் ஆளை வைத்துக்கொண்டு எழுந்து மிதிக்க முடியாது. அதனால் குருவம்மாளுக்கு அது பழக்கமே இல்லை. ஆனாலும் எழுந்தாள். வண்டி இடமும் வலமும் ஆடியது. விழப்போகிறாள் என்று நான் நினைத்தேன். விழவில்லை. மேலே போய் மறைந்துவிட்டாள். வீரபாண்டி இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, அவள் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நல்ல கால் தரையைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக வந்தாள். உடும்பஞ்சோலைப் பையன்தான் மறுபடியும் முதல். அவன் வந்து, "அக்கா, அடுத்த வருசமும் வருவீகளா?" என்று கொஞ்சம் கவலையோடு கேட்டான். மூன்றாம் பரிசு ஒரு ஷேவிங் செட். ஆசீர்வாதம் அதைக் கொடுக்கும்போது நெளிந்தார். அவள் அதிலிருந்த கண்ணாடியைத் திறந்து முகம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, வீட்டுல ஒரு தாடி இருக்கு" என்றாள்.

பிறகு மன்றத்தில் சாப்பாடு இருந்தது. அவள் நிற்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வளைவுக்கு இறங்கினாள். அங்கே போன பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது, உட்காரக் கேரியர் இல்லை. வேறு வழியில்லை. வீரபாண்டி முன்னால் குறுக்குக் கம்பியில் புதுப் பெண்ணைப் போல ஒருக்களித்து உட்கார்ந்தார். மடங்காத கால் கைகாட்டிமரம் போல ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே கடைத்தெரு வழியாகப் போனார்கள். ஊர் சிரித்தது. டீக்கடை, மன்றம், லயத்து வாசல்கள் எல்லாம் சிரித்தன. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் வீரபாண்டி. "ரேசுக்கு நான்தான் பிரைஸ், கூட்டிட்டுப் போறா" என்று கையாட்டிக்கொண்டே போனார்.

மறுநாளே கேரியர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. லயத்தில் இப்போது மூன்று பெண்கள் சைக்கிள் பழகுகிறார்கள். தேயிலைச் செடிகளில் ஆங்காங்கே பள்ளம் தெரிகிறது. சூப்பர்வைசர், "யாரு இது, காட்டுப்பன்னியா?" என்று கேட்டபோது, "ஆமா சார், மூணு பன்னி" என்று குருவம்மாள் ஒப்புக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பேருந்தில் ஜன்னலோரம் இருந்தேன். செங்குத்தான வளைவுக்குக் கொஞ்சம் கீழே அவர்களை நெருங்கினோம். முன்னால் போகும் ஜீப்புக்காக எங்கள் வண்டி அவர்கள் பக்கத்திலேயே ஊர்ந்தது. குருவம்மாள் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. தலைத்துணிக்குக் கீழே பிடரியில் வியர்வை கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வீரபாண்டி ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் தோள் துண்டின் நுனியை எடுத்து, வண்டி ஆடாதபடி மெல்ல எட்டி அதைத் துடைத்தார். அவள் திரும்பவில்லை. அவருக்கு வாகாகத் தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்துகொண்டு மிதித்தாள்.