எதிர்க்கடையில் தொங்கும் பிளக் பாயிண்ட்

மங்கம்மா அக்கா போய்விட்டார் என்று அரக்கோணத்தில் இருந்த எனக்கு வந்து சொன்னவன், திருத்தணியில் அக்காவின் டீக்கடைக்கு எதிரே இருக்கும் வெல்டிங் பட்டறையின் ஆள். முதலாளிதான் அனுப்பினாராம். அவருக்கு அன்று எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அக்காவின் கணவரை நான் பாவா என்பேன். நாங்கள் இருவருமே அந்தப் பட்டறையில் வெல்டர்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்காகத் தடுப்புக் கம்பிகள் செய்துகொண்டிருந்தோம். சுமை கூடினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் அடிக்கடி விழுந்தது. பெரிய மெஷினுக்கு ஏற்றபடி ஒயரையும் பிளக் சொருகும் பாயிண்ட்டையும் மாற்றும்படி பாவா கேட்டார். அவசரத்தில் இருந்த முதலாளி பிரேக்கரை மட்டும் மாற்றினார். பதினைந்து ஆம்பியர் தாங்கும் பாயிண்ட்டுக்கு முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கர்! அது விழவே இல்லை, பாயிண்ட்தான் உருகியது. ஒட்டிக்கொண்ட பிளக்கைப் பாவா பிடுங்கியபோது பாயிண்ட் உடைந்து கையோடு வந்தது. கரண்ட் அவரை விடவில்லை.

“ஈரக் கையோட புடுங்கினான், அவன் தப்பு” என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். பெரிய பிரேக்கரை அன்று சாயங்காலமே கழற்றி மறைத்துவிட்டார். நான் அந்தப் பட்டறையை விட்டு அரக்கோணத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அக்கா மூலையில் உட்காரவில்லை. பட்டறைக்கு நேர் எதிரே டீக்கடை போட்டார். பாவாவின் கையிலிருந்து நான் பிரித்தெடுத்த கருகிய பாயிண்ட்டைக் கடை முகப்பில் தொங்கவிட்டார். மலைக்குப் போகிறவர்கள், “இன்னாம்மா இது?” என்று கேட்பார்கள். டீயை ஆற்றிக்கொண்டே அக்கா எதிரே கை காட்டுவார்.

“இது பதினஞ்சு தாங்கற பாயிண்ட்டுங்க. அதோ குந்திகினு கீறாரே, அவுரு இதுக்கு முப்பத்திரண்டு போட்டாரு. எங்க ஊட்டுக்காரரு பூட்டாரு.”

ஆந்திரப் பக்தர்களுக்கு இதையே தெலுங்கில் சொல்வார்.

ஒருநாள் முதலாளியே வந்தார். “மங்கம்மா, என் பொண்ண பாக்க வந்தவங்ககூட இதக் கேட்டுட்டுப் போறாங்க. கயட்டிடும்மா.”

“ஆங், கயட்டறேங்க. தப்பு உங்குளுதுன்னு இங்க நின்னு ஒரு தபா சொல்லுங்க.”

அவர் டீயைத் தொடாமலே போனார்.

அக்காவின் சாவு வீட்டுக்கும் ரோஜா மாலையோடு வந்தார். வாசலில் மறித்தேன். “எங்க அக்கா கேட்டத சொல்லிட்டு மாலைய போடுங்க” என்றேன். சாவு வீட்டில் எதற்கு வம்பு என்று பெரியவர்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் நகரவில்லை. அவர் கொண்டுவந்த மாலையோடு திரும்பிப் போனார். அதைப் பார்க்க எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

அக்கா, அமைதியாக உறங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரக்கோணத்து வேலையை விட்டுவிட்டேன். இன்று காலை அடுப்பு மூட்டி, பாயிண்ட்டைத் துடைத்து மாட்டினேன். முதல் டீ வாங்கியவரே அதைப் பார்த்துக் கேட்டார். எதிரே கை காட்டினேன். போய் வாருங்கள் அக்கா, கடை திறந்திருக்கிறது.