என் தலைவலிக்கு ஒரு கான்ட்ராக்டர்

எங்கள் வீட்டுக்காரர் சின்ன கான்ட்ராக்டர். அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களுக்குப் பூச்சு வேலை, மழையில் சரிகிற ரோட்டோரங்களுக்குத் தடுப்புச் சுவர், எங்கேயாவது ஒரு சிறு பாலம் என்று கிடைத்ததை எடுத்துச் செய்தார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு அவரோடு கப்பலேறி போர்ட் பிளேரில் வந்து இறங்கினேன். தெருவில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நம் ஆட்களும் கலந்திருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக இந்திதான் ஓடியது. எனக்கு அதில் "நஹீ" மட்டும் தெரியும், இல்லை என்று அர்த்தம். அதை எந்த இடத்தில் சொல்வது என்று தெரியாது.

ஒற்றைத் தலைவலி பிறந்த வீட்டிலேயே இருந்தது. அங்கே மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும். இங்கே வந்தபின் அது பெட்டி படுக்கையோடு குடியேறிவிட்டது. குட்வில் எஸ்டேட்டில் சரிவில் நின்ற எங்கள் வாடகை வீட்டுக்குக் கிழக்கே பார்த்த சன்னல். இந்தத் தீவில் வெயிலுக்கு அவசரம் அதிகம். ஊரில் கோழி கூவுகிற நேரத்தில் இங்கே கொடியில் போட்ட துணி காய ஆரம்பித்திருக்கும். கண்ணைத் திறந்ததும் வெளிச்சம் இடது கண்ணுக்குள் குத்தும். அதோடு அன்றைய நாள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணமான புதிதில் பாராடாங் தீவில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. மனைவிக்கு ஊரைக் காட்டுகிறேன் என்று என்னையும் பஸ்ஸில் ஏற்றினார். பழங்குடிகள் வாழ்கிற அந்தக் காட்டு வழியில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கான்வாயில்தான் போக வேண்டும். நடுவில் எதற்காகவும் நிறுத்த மாட்டார்கள். இரண்டு பக்கமும் வானத்தை மறைத்த மரங்கள். அந்த இடுக்கில் வெயில் விட்டு விட்டு முகத்தில் அடித்தது. கண்ணோரத்தில் பளபளவென்று ஒரு கோடு வளைந்தது. என் பார்வையில் முன்சீட்டில் இருந்தவரின் பாதித் தலையைக் காணவில்லை. பிறகு வலி வந்தது. கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்தேன்.

கண்டக்டர் வந்து என்ன என்று கேட்டார். இவர் சிரித்த முகத்தோடு, "குச் நஹீ பாய், சப் டீக் ஹை" என்றார். அர்த்தம் தெரியாவிட்டாலும் அந்தக் குரல் எனக்குப் புரிந்தது. ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது. பை என் மடியில் கனத்துக்கொண்டிருந்தது. படகுத்துறையில் இறங்கியதும் தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் நெற்றியில் கட்டிவிட்டார். ஃபெரியில் மறுகரை போய்ச் சேரும்வரை என் தலையைத் தன் தோளிலிருந்து எடுக்கவிடவில்லை. மனிதர் அப்படித்தான். கை செய்கிறதை வாய் ஒத்துக்கொள்ளாது.

அவர் தொழில் அப்படி. எஞ்சினியர் வந்து, "சுவரில் அது என்ன விரிசல்?" என்று கேட்பதற்குள், "ஒண்ணுமில்ல சாப், மேல் பூச்சுதான்" என்று சொல்லிப் பழகியவர். யார் கேள்வி கேட்டாலும் அவருக்கு அது இன்ஸ்பெக்‌ஷன். டாக்டர் கேட்டாலும் அதே கதைதான்.

அப்படித்தான் என் தலைவலியை எடுத்துச் சொல்கிற கான்ட்ராக்டும் அவர் கைக்குப் போனது. நான் ஸ்டூலில் உட்காருவேன். இவர் பக்கத்தில் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு பவ்யமாக நிற்பார். டாக்டர் இவரைப் பார்த்துக் கேட்பார். இவர் இந்தியில் சரளமாக ஏதோ சொல்லுவார். டாக்டர் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். எந்த வலியானாலும் அந்த அறைக்குள் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

மெயின்லேண்டிலிருந்து வருகிற டாக்டர்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் மாறிப் போய்விடுவார்கள். புது டாக்டர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒருவர் கண்ணாடி போடச் சொன்னார். இன்னொருவர் சைனஸ் என்றார். மூன்றாமவர் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். அதை இவர் வெளியே வந்து எனக்கு மொழிபெயர்த்தபோது நான் அலட்டிக்கொண்டேன். ஒரு தடவை ஊருக்குப் போனபோது சென்னையில் ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் குடும்பத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அழுகைதான் வந்தது. ஏதாவது இருந்தால் காட்டலாம். ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிப் படுத்துக்கொள்வது? அதற்குப்பின் இவர் எந்த டாக்டரிடமும் "ஸ்கேன் நார்மல் சாப்" என்றுதான் ஆரம்பித்தார். பாஸான சர்ட்டிபிகேட்டைக் காட்டுகிற மாதிரி.

ஆனாலும் அந்த நாட்களை இப்போது நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு வேறு ஊர்சுற்றல் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவர் வேலைக்கு லீவு. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மேட்டில் ஏறும்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். திருப்பத்தில் கீழே கடல் தெரியும். சீட்டு வாங்கி, காத்திருந்து, காட்டி, மருந்து வாங்கி முடித்தால் அபர்தீன் பஜாரில் மசால் தோசை. சாம்பாரில் இனிப்பு தூக்கலாக இருக்கும். இருவரும் குறை சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை ஊற்றச் சொல்லுவோம். என் தலைவலி இல்லையென்றால் எனக்கு அந்தப் பஜாரே தெரிந்திருக்காது. அந்த ஸ்கூட்டரும் இல்லை, அந்தக் கடையும் இப்போது செருப்புக் கடையாகிவிட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி அக்கா இருந்தார். நான் தமிழில் பேசுவேன், அவர் வங்காளத்தில் பேசுவார், நடுவில் இருவருக்கும் தெரிந்த நாலு இந்திச் சொல். அப்படியே தண்ணீர் வருகிற நாள், உப்பு, பிள்ளைகள், மாமியார் எல்லாவற்றையும் பேசி முடித்தோம். மீன்காரி மீதி இந்தியைக் கற்றுக்கொடுத்தாள். "ஆதா" என்றால் பாதி, "ரோஜ்" என்றால் தினமும். சுர்மை, அதாவது நம் வஞ்சிரம், ஏன் வரவில்லை என்று கேட்டால் கையை விரித்து, "கபி கபி" என்பாள். எப்போதாவதுதான் வரும். இலக்கணம் இல்லாத மார்க்கெட் இந்திதான். ஆனால் மீன்காரியிடம் நான் ஏமாந்ததில்லை.

வலிக்கு இவர் வாங்கி வருகிற மாத்திரைகள் சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். முதலில் வலி வந்தால் போட்டேன். பிறகு வரும்போல் இருந்தால் போட்டேன். கடைசியில் காலையில் காபியோடு ஒன்று, மதியம் ஒன்று என்றாகிவிட்டது. ஒரு அட்டை தீர்ந்தால் கேட்காமலே அடுத்த அட்டை வரும். இவ்வளவு போட்டும் வலி ஏறிக்கொண்டே போனது. வலி இல்லாத நாள் எது என்று யோசித்துப் பார்த்தால் ஞாபகமே வரவில்லை. கண் போய்விடும் என்று ரகசியமாகப் பயந்தேன். எங்கள் சின்னப் பையனை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று, அவன் தூங்கும்போது முகத்தை உற்றுப் பார்த்து வைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் ஒரு புது டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். முகத்தில் மாஸ்க், கதவில் இன்னும் பெயர்ப்பலகை மாட்டவில்லை. வழக்கம்போல் நான் ஸ்டூலில், இவர் பக்கத்தில். இவர் "ஸ்கேன் நார்மல் மேடம்" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் தடவித் தடவி இந்தியில் கேள்வி கேட்டார். வலி மாத்திரை எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்டது எனக்கே புரிந்தது. "கோலி" என்பது மாத்திரை.

இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கபி கபி, மேடம்."

எப்போதாவதாம். மீன்காரி தினமும் சொல்கிற சொல் அது. இத்தனை வருஷமும் அந்த அறைகளில் இவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் என்னைத் திட்டிவிடக் கூடாதே என்றுதான் பூசி மெழுகியிருக்கிறார். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. வாங்கி வருகிறவரே இவர்தானே.

"ரோஜ்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். "ரோஜ் கோலி. தோ. கபி தீன்" என்றேன். தினமும் இரண்டு, சில நாள் மூன்று. நெற்றியில் கைவைத்து, "ஆதா சர்" என்றேன். பாதித் தலை. அரைக் கிலோ மீன் கேட்கிற அதே தொனியில்தான் சொல்லியிருப்பேன். அதற்கு மேல் வலிக்கு எனக்கு இந்தி தெரியவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த ஊருங்க நீங்க?" என்றார்.

தமிழ். இந்தத் தீவில் இது ஒரு கூத்து. எதிரில் இருப்பது யாரானாலும் முதலில் இந்திதான். இரண்டு தமிழர்கள் மாதக்கணக்கில் இந்தியில் பேசிப் பழகியதெல்லாம் உண்டு. "சிவகங்கைப் பக்கம்" என்றேன்.

"தமிழ்லயே சொல்லுங்கக்கா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். வெயில், பளபளக்கிற கோடு, பாதி காணாமல் போகிற முகங்கள். பாத்ரூமில் தண்ணீர் ட்ரம்மில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்பது. கண் போய்விடும் என்ற பயம். "நல்லா இருக்குற அன்னைக்கும் நான் நல்லா இல்லைங்க. எப்ப வருமோன்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன். சிரிக்கக்கூட பயமா இருக்கு." அந்தப் பெண் ஒரு தடவைகூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இவர் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது ஒற்றைத் தலைவலிதான், அதுல சந்தேகமில்ல" என்றார் டாக்டர். "ஆனா தினமும் மாத்திரை போட்டா அந்த மாத்திரையே வலியக் கொண்டுவந்துரும். அத நிறுத்தணும். நிறுத்தினா முதல்ல வலி கூடும். ரெண்டு மூணு வாரம் கஷ்டமா இருக்கும். அப்புறம் குறையும். வலி வராம தடுக்கறதுக்கு ராத்திரி போட வேற மாத்திரை தர்றேன்." பிறகு இவரைப் பார்த்தார். "கூட ஆள் இருக்கணும் சார்."

"இருக்கேன் மேடம்" என்றார். தமிழில் சொன்னார்.

அன்று தோசை சாப்பிடவில்லை. ஸ்கூட்டரை எடுக்காமல் அதன்மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். "இம்புட்டு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இதுக்கு மேலயும் இருக்கு" என்றேன். கோபம் அப்போதும் தீரவில்லை.

அந்த டாக்டரும் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். போவதற்குள் என் தலையை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தார். வலி முழுசாகப் போகவில்லை. அது போகாது என்று அவரே சொல்லித்தான் அனுப்பினார். இப்போது அது விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகிறது. வருகிறேன் என்று தகவல் சொன்னதும் போட ஒரு மாத்திரை இருக்கிறது. டாக்டர் மாறினால் நானே போய் நானே சொல்கிறேன், இந்தியோ தமிழோ. இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்க்கிறார். இதை எழுதுகிறேன் என்று தெரிந்தால் சண்டைக்கு வருவார்.

ஆனால் மாத்திரையை நிறுத்திய அந்த வாரங்களை நான் மறக்கவில்லை. டாக்டர் சொன்னபடியே வலி கூடியது. சொன்னதைவிட அதிகமாகவே கூடியது. தலையைச் சுவரில் மோதி உடைத்துவிடலாம் போலிருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தேன், ஒரு அட்டைகூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டிவிட்டிருந்தார். ஒன்றே ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனிதர் அசையவில்லை. சைட்டிலிருந்து தார்ப்பாயைக் கொண்டுவந்து கிழக்குச் சன்னலில் ஆணி அடித்து மாட்டினார். ரசம் வைத்தார். அதை ரசம் என்று அவர் மட்டும்தான் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா தினமும் விளக்கேற்றும் நேரத்தில் சங்கு ஊதுவார், அது மண்டைக்குள் இறங்கும். அந்த நாட்களில் சங்குச் சத்தமே கேட்கவில்லை. நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு மறுபடி கேட்டபோதுதான், அவர் இத்தனை நாள் ஊதாமல் இருந்தது எனக்கு உறைத்தது. இப்போது அவர் மகனோடு கொல்கத்தாவில் இருக்கிறார். சாயங்காலத்தில் இந்தத் தெரு சும்மா கிடக்கிறது.

ஒரு நாள் மதியம், வலி உச்சத்தில் இருந்தபோது வாசலில் இவர் போன் அடித்தது. எஞ்சினியர். பாராடாங்கில் பாதியில் நின்ற வேலையைப் பெரிய ஆபீசர் மறுநாள் பார்க்க வருகிறார், காலைக் கான்வாயில் வந்து சேரவேண்டும் என்கிற பேச்சு. அந்த வேலை கைவிட்டுப் போனால் அடுத்தது கிடைப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். இருட்டில் படுத்தபடி, இப்போது "ஹாங் சாப்" என்று ஒத்துக்கொள்வார், பையை எடுத்துவைப்பார், நான் தனியாகக் கிடப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் குரல் மெதுவாகத்தான் வந்தது. "நஹீ சாப். கல் நஹீ ஆ சக்தா." நாளைக்கு வர முடியாது. அந்தப் பக்கம் சத்தம் ஏறியது எனக்கே கேட்டது. இவர் இந்தியில் நீளமாக ஏதேதோ சொன்னார். வலியில் எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. போனை வைத்துவிட்டு வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்தார்.

"சாப் என்ன சொன்னாரு?"

"கோவப்படுறாரு. பட்டுட்டுப் போறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஈரத்துணியைத் திருப்பி என் நெற்றியில் போட்டார்.

"உள்ளதச் சொன்னேன்" என்றார்.