தாங்கிக்குள் நின்றவர்

என் கணவர் காணாமல் போன மத்தியானம், குசினியில் அவருடைய சோற்றுக் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வாசலில் சப்பாத்தைக் காணவில்லை. என் பெயரையே மறந்துபோன மனிதர் கோப்பை கழுவ மறக்கவில்லை. வானம் கறுக்கிறதே என்று பின்வளவில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். கேற்றின் பூட்டு திறந்து கிடந்தது. திறப்போ என் இடுப்பில் இருந்தது. அது எப்படி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

இந்தச் சாட்சியைச் சபைக்குச் சொல்லுங்கள் என்று போதகர் பலமுறை கேட்டார். நான்தான் தள்ளிப்போட்டேன். பேய்க்கதை சொல்கிறாள் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம். இப்போது என் கணவரும் ஆண்டவரிடம் போய்விட்டார். இனி நான் யாருக்காக மறைக்க வேண்டும்?

தேவசகாயம் என்றால் சீனன்குடாவில் பலருக்குத் தெரியும். வாலிப வயதில் விமானப்படையில் சேர்ந்து, ஓய்வுபெறும் வரைக்கும் காவல் வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில், தமிழன் அரசாங்கப் படையில் இருக்கிறான் என்று எங்கள் சொந்தக்காரரே எங்களோடு கதைக்காமல் விட்டார்கள். மகள் சுகந்தியின் ஞானஸ்நானத்துக்கு ஒருவரும் வரவில்லை. அதற்காக அவர் யாரையும் நொந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. லீவில் வந்தால் மகளுடைய பள்ளிக்கூடச் சப்பாத்தையும் தன்னுடையதோடு சேர்த்து மினுக்கி வைப்பார். காவல் மாறப் போவதற்கு மட்டும் ஒருநாளும் பிந்தமாட்டார். காய்ச்சலோடும் எழும்பிப் போவார். நான் சண்டை பிடித்தால், "அங்க நிக்கிறவனுக்குப் பசிக்கும், நேசம்" என்பார். மாற்று ஆள் வந்து நிற்காமல், நிற்கிறவர் நகரக் கூடாது. அது அவர்களுடைய ஒழுங்கு.

கடைசிக் காலத்தில் அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் பொருட்களை மறந்தார், பிறகு ஆட்களை, பிறகு ஜெபத்தை. நான் சொல்லச் சொல்ல என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு நெஞ்சு வெடிக்கும். கடவுளையும் மறந்தா போகப்போகிறார் என்று தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதிருக்கிறேன்.

பிறகு ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. பொழுதுபடும் நேரம் கேற்றைப் பார்த்துத் தலையாட்டுவார், யாரோ சொல்வதைக் கேட்கிறவர் போல.

"இஞ்சாருங்கோ, ஆர் அங்க?" என்று கேட்டேன்.

"ஆள் நிக்கிறார். கனநேரமா நிக்கிறார். நான் போய் மாறவேணும்."

கேற்றடியில் ஒருவரும் இல்லை. அவரைவிட எனக்குத்தான் பயம் பிடித்தது. அன்றிலிருந்து பகலிலேயே கேற்றைப் பூட்டத் தொடங்கினேன்.

அவர் காணாமல் போன அன்றைக்கு ரோட்டு, பஸ் தரிப்பிடம், கடற்கரை எல்லாம் தேடினோம். சுகந்தி மூதூரிலிருந்து ஓடிவந்தாள். அவரோடு வேலை செய்து ஓய்வுபெற்ற சுனில் ஐயா எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். சிங்கள ஆள், நல்ல மனிதர். அவர்தான் சொன்னார்.

"அக்கா, அவர் நாங்க முந்தி காவல் நிண்ட பழைய தாங்கிப் பக்கம்தான் போயிருக்கும்."

காட்டுக்குள் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. வீட்டைவிட உயரமான இரும்புத் தாங்கிகள். பல வெறுமையாகத் துருப்பிடித்துக் கிடக்கின்றன. நினைத்தபடி போகக்கூடிய இடமில்லை, யானையும் உலாவும். சுனில் ஐயா காவலரணில் கதைத்து அனுமதி வாங்கி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. மழை இருட்டு. ஒவ்வொரு தாங்கியடியிலும் நின்று கூப்பிட்டோம். எங்கள் குரலே திரும்பி வந்து எங்களைக் கூப்பிட்டது. சுகந்தி "அப்பா" என்று கத்தினாள். தாங்கியும் "அப்பா" என்றது, அவளைவிட மெதுவாக. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

யானை மிதித்ததோ, பாம்பு தீண்டியதோ என்றே மனம் ஓடியது. அந்தப் பாதையிலேயே முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, நான் களைத்துப்போனேன். என்னால் இனி அவரைக் காவல் காக்க முடியாது. நீர் அவரோடு நில்லும். எங்கே என்று காட்டும்." ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

ஆமென் எனக்குப் பின்னால் இருந்து வந்தது.

ஆண் குரல். தாழ்வாக, அவசரமில்லாமல். கொடி மூடிக் கிடந்த ஒரு தாங்கிக்குள் இருந்து வந்தது. மூன்று பேரும் கேட்டோம். அது என் கணவரின் குரல் இல்லை. இத்தனை காலம் கூட வாழ்ந்தவருடைய குரல் எனக்குத் தெரியாதா?

தாங்கியின் அடியில் ஆள் நுழையும் அளவு துவாரம். குனிந்து உள்ளே போய் ரோச் லைட்டை அடித்தோம். அவர் விறைத்து நின்றார். சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டி, ஒரு தடியைத் துவக்குப் போலத் தோளில் சாய்த்திருந்தார். கிட்டப் போனதும் சிங்களத்தில் "நில்" என்று அதட்டினார். சுற்றிவர இரும்பெல்லாம் "நில்" என்றது. வேறு ஒருவரும் அங்கே இல்லை.

சுகந்தி கையைப் பிடித்து இழுத்தாள், நானும் இழுத்தேன். அவர் அசையவில்லை. கண்ணில் கோபம் ஏறியது. சுனில் ஐயா எங்களை விலக்கினார்.

"இழுக்க வேணாம் மகள். அவர் டியூட்டில நிக்கிறது. ஆள் மாறாம வரமாட்டார்."

ஐயா கழுத்துப் பொத்தானைப் பூட்டி, முன்னால் போய் நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார். காவல் மாற வந்திருக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். என் கணவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தடியைக் கொடுத்து, சலூட் அடித்து, தானாகவே நடந்து வெளியே வந்தார். மாறி நின்றவர் உடனே வரக் கூடாது. இவர் திரும்பிப் பார்த்து அங்கே ஆளில்லை என்று கண்டால் மறுபடி உள்ளே போய்விடுவார். அதனால் சுனில் ஐயா அந்த இருட்டில் தனியே நிற்க, நாங்கள் நடந்தோம்.

கொஞ்சத் தூரம் போனதும், "நேசம், பசிக்குது" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் பெயர். நான் பாதையில் நின்று அழுதேன்.

"உள்ளுக்க ஆமென் சொன்னது நீங்களோ?" என்று கேட்டேன்.

"நானில்ல. எனக்கு முன்னம் நிண்டவர். நான் வரும் வரைக்கும் அவர்தான் நிண்டவர். பாவம், ரெண்டு காலிலயும் காயம்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதன் பிறகு அவர் கேற்றைப் பார்க்கவில்லை. பயமில்லாமல் நித்திரை கொண்டார். பங்குனி மாதம் ஒரு காலையில், என் கை அவர் நெஞ்சில் இருக்க, தன் கட்டிலில் அமைதியாகக் கண்ணை மூடினார். காட்டில் அநாதையாகச் செத்திருக்க வேண்டியவரை எனக்கும் பிள்ளைக்கும் திருப்பித் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். இப்போது நான் இதே நோய் வந்தவர்களை வைத்துப் பார்க்கிற வீடுகளுக்குப் போய், அந்தப் பெண்கள் கொஞ்சம் படுத்தெழும்பட்டும் என்று பக்கத்தில் இருக்கிறேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு சுனில் ஐயா என்னிடம் வந்தார். அவர் புத்தரைக் கும்பிடுகிறவர். எனக்காகக் கதை கட்ட வேண்டிய தேவை அவருக்கில்லை.

"அக்கா, நீங்க போன பிறகு எனக்கும் வெளிய வர ஏலாம இருந்தது. நான் போனா ஆர் நிக்கிறது எண்டு ஒரு யோசனை. ஏன் அப்படி நினைச்சன் எண்டு தெரியாது. அப்ப பக்கத்தில ஆரோ சொன்னது, 'நீ வீட்ட போ, நான் நிக்கிறன்' எண்டு."

"என்ன பாஷையில ஐயா?"

"எங்கட அம்மா கதைக்கிற மாதிரி, சிங்களத்தில."

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஒரு நோயாளியைக் காத்துக் காத்துக் களைத்துப்போயிருந்தால், அந்தக் களைப்பை ஆண்டவரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். நான் முடியாது என்று சொன்ன அந்த நிமிடத்தில் அவர் வந்து நின்றார்.