பக்கத்தில் தெரிந்த பத்து

அன்னாசித் தோட்ட ஊரான பெக்கான் நானாஸில் நான் படித்த தமிழ்ப்பள்ளியில் அந்தக் காலத்தில் ஒரு பெஞ்சுக்கு நாலு பேர். ஓரத்தில் உட்கார்ந்தவன் பாதி நேரம் தரையில்தான் கிடப்பான். அந்த நெரிசலுக்கு இன்றும் ஏங்குகிறேன். பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் பிள்ளைகள் குறைந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன், முதலாம் ஆண்டுப் பதிவுக்கு ஓர் இணையப்பக்கம் செய்துதரச் சொல்லிப் பள்ளியில் கேட்டார்கள். மறுப்பேனா?

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் வீட்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று தரவுத்தளத்தைக் கேட்டால், எண்ணைத் தனியாகத் தராமல் ஒரு பட்டியலுக்குள் பொதிந்து தந்தது. அதைப் பிரித்தெடுத்து, பக்கத்தின் டெம்ப்ளேட்டில் ‘இதுவரை சேர்ந்தவர்கள்’ என்பதற்கு அருகில் வைத்தேன். பெற்றோர் சொல்லச் சொல்ல, பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் கிராணி அக்கா பதிந்தார். எண் ஏற ஏற எனக்குப் பழைய பெஞ்சு நினைவு வந்து நெஞ்சு நிறைந்தது.

அன்னாசி லாரி ஓட்டும் ஒருவர் மட்டும் அக்காவிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: “பத்துப் பேராச்சும் வரட்டும்க்கா. அப்புறம் எம் மகள சேக்கிறேன். கூட வெளையாட ஆள் வேணும்ல.” தினமும் கைபேசியில் பக்கத்தைத் திறந்து பார்ப்பாராம். பத்து என்று தெரிந்த அன்றே வந்து மகளைச் சேர்த்துவிட்டார்.

வகுப்புப் பட்டியலை எடுக்கும்போதுதான் கவனித்தேன். முதல் வரிசையில், மாணவர் பெயர்: பிள்ளையார். அக்காவுக்குப் போன் போட்டேன்.

“புது நோட்டுன்னா மொதல்ல சாமி பேருதானே தம்பி எழுதுவோம்? பொறந்த தேதி கேட்டிச்சி, அன்னிக்குத் தேதியப் போட்டேன்.”

அலமாக்! நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்? சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. அந்த அப்பா பார்த்த பத்தில் பிள்ளைகள் ஒன்பதுதான். சாமியை விட்டுவிட்டு எண்ணும்படி மாற்றினேன்; பதினொன்று பத்தானது. சொல்லாமல் விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. அவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவர் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“இப்ப நெசமா எத்தன பேருண்ணே?”

“உங்க மகளோட பத்து.”

“அப்ப அவள எடுத்தா ஒம்போது ஆயிரும் லா,” என்றார். “என்ன மாதிரியே இன்னொரு அப்பன் பத்து வரட்டும்னு பாத்துக்கிட்டு இருப்பான்ணே. அவ இருக்கட்டும்.”