ஏசி மெக்கானிக் வீட்டுப் புழுக்கம்

பல் விளக்குவதற்கு முன்பே மீட்டர் தன் உள்ளங்கையை ஆர்க்கிட் இலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து, விழும் நிழலைப் பார்க்கிறார். கத்தரித்த மாதிரி விழுந்தால் வெயில் அதிகம், விழவே இல்லையென்றால் வெளிச்சம் போதாது. துவைத்தும் போகாத கறை மாதிரி மங்கலாக விழ வேண்டும். அதுவரை பல் காத்திருக்கும்.

ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டர் ஒன்று எந்நேரமும் சட்டைப்பையில் இருப்பதால் தெரு வைத்த பெயர் அது. தொழில், ஏசி மெக்கானிக். சட்டை முதுகில் ‘உங்கள் குளிர்ச்சி எங்கள் பொறுப்பு’ என்று அச்சடித்திருக்கும். அந்தப் பொறுப்பு அவர் வீட்டு வாசலோடு சரி. உள்ளே நுழைந்தால் கண்ணாடி போட்டவர்களுக்கு இரண்டு நிமிடம் கண் தெரியாது.

கூடத்து ஜன்னலோரம் பதினொரு தொட்டிகள். அடியில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்ட தட்டுகள். மீட்டரில் ஈரம் அறுபதுக்குக் கீழே இறங்கினால் துவைத்த துணியெல்லாம் கூடத்துக் கொடிக்கு வந்துவிடும்.

“அப்பா, என் சாக்ஸ்ல காளான் முளைக்கப் போகுது. அதுக்கும் ஒரு தொட்டி வாங்கிருங்க” என்பாள் பதினாறு வயது மகள்.

சுவரில் அவரே மாட்டிய ஏசி உறை போர்த்தித் தூங்குகிறது. ரிமோட்டின் இரண்டு பேட்டரிகளும் அவர் சட்டைப்பையில், மீட்டருக்குத் துணையாக.

“ஏசி காத்து ஈரத்தை உறிஞ்சிரும். செடி சுருண்டுரும்.”

“நாங்க சுருண்டா பரவாயில்லையா?” இது மனைவி.

“நீங்க தண்ணி குடிச்சுக்கலாம்ல?”

இத்தனை செய்தும் மூன்று வருடமாக ஒரு பூ இல்லை. “கொஞ்ச நாள் குளிர் பட விடுங்கண்ணே, அப்பத்தான் பூத்தண்டு விடும்” என்று செடி விற்றவர் அன்றே சொன்னார். மீட்டருக்குச் சுருக்கென்றது. “இருபத்திரண்டு வருஷமா குளிரை விக்கிறவன் நான். எனக்கே பாடமா?”

போன மாதம் வெளியூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கு வேலை வந்தது. ஒன்றரை மாதம். பெட்டி கட்டும்போது மனைவி தீர்த்துச் சொன்னார்: “நீங்க திரும்பி வர்ற வரைக்கும்தான் பாப்பேன். ஒரு தண்டு கூட வரலைன்னா அத்தனையும் உங்க கூட்டாளி வீட்டுக்குப் போயிரும். மனுஷங்க இருக்கிற கூடமா இது, குளிக்கிற ரூமா?”

மீட்டர் பதினொரு செடியின் இலைகளையும் ஈரப்பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். நான்கு பக்கக் குறிப்பைச் சுவரில் ஒட்டினார். குட்டி மீட்டரை முதன்முறையாகப் பிரிந்து தொட்டிகளுக்கு நடுவே வைத்தார். பதினொரு மணிக்குக் கிளம்பினார். தினமும் போன் செய்து, “எவ்வளவு காட்டுது?” என்பார். “அறுபத்தஞ்சு” என்பார் மனைவி. ஒன்றரை மாதமும் அதே அறுபத்தைந்து.

நேற்று மாலை திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்கு ஓடினார். தட்டுகளில் தண்ணீர் தளும்பியது. இலைகளில் ஒரு பொட்டுத் தூசியில்லை. மூன்றாவது தொட்டியில், இலையிடுக்கிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பூத்தண்டு!

“பாத்தியா! என் நாலு பக்கம் வேலை செஞ்சிருச்சு!”

“ஆமாங்க, நாலு பக்கமும்தான்” என்றார் மனைவி. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

கண்ட நேரத்தை நோட்டில் குறிக்கச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. மேஜையில் மகளின் அலாரக் கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் பதினொன்று பத்து. அவர் தெரு தாண்டும் வரைகூட வீட்டில் யாரும் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

கடிகாரத்தைக் கழற்றித் திருப்பினார். பேட்டரி இருந்த இடம் காலி. ஏசி உறை தலைகீழாக மாட்டியிருந்தது. உறைக்குள் கையை விட்டார். சில்லென்று ஈரம். இருபத்திரண்டு வருட விரலுக்கு வேறு சாட்சி வேண்டாம். செடி விற்றவர் சொன்னதும் அப்போதுதான் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். தண்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மீட்டர் சட்டைப்பையிலிருந்து ரிமோட்டின் இரண்டு பேட்டரிகளையும் எடுத்தார். ஒன்றைச் சுவர்க்கடிகாரத்தில் போட்டார். இன்னொன்றை அலாரத்தில் போட்டார்.

“மணி என்னம்மா இப்போ?”

“ஆறே கால்ப்பா.”

முள்ளைத் திருப்பி வைத்து, கடிகாரத்தை மறுபடி ஆணியில் மாட்டினார்.