கருவாட்டிலிருந்து உப்பை வெளியேற்றிய கதை

நைனாவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று பொன்னேரி டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் கூடாது என்றார். முதல் இரண்டைப் பற்றி நைனாவுக்குக் கவலையே இல்லை. திரும்பி வரும்போது, பஸ் திருப்பாலைவனம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "கருவாடு துண்ணக்கூடாதுன்னா, அப்பறம் இன்னாத்துக்கும்மா மாத்திர?" என்று கேட்டார்.

கடலுக்குப் போவதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். காலையில் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய், எதையும் வாங்காமல் எல்லா மீனுக்கும் விலை சொல்லிவிட்டு வருவார். மத்தியானம் அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு. ஒரு நாளைக்கு அவருக்கு இருந்தது இந்த இரண்டும்தான். அதில் ஒன்றைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. மேலும் நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். ஒரு திடப்பொருளில் இருக்கும் கரையும் பொருளைத் தண்ணீரில் பிரித்தெடுப்பதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வருஷாவருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். சொந்த வீட்டில் ஒரு துண்டு பாறைமீன் கருவாட்டிடம் தோற்பதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் பாடம் ஆரம்பமானது.

"கருவாட்ட சின்னச் சின்னதா வெட்டு. வெதுவெதுன்னு தண்ணி ஊத்து. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தத் தண்ணிய எடுத்துட்டு வேற ஊத்து. மொத்தமா ஒரே தடவ ஊத்துறதவிட, கொஞ்சங்கொஞ்சமா மூணு தடவ ஊத்துனா உப்பு ஜாஸ்தி வெளிய வரும்."

"ஊற வெக்கிறது எனக்குத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முன்னாலருந்து ஊற வெக்கிறேன்" என்றாள் அம்மா.

"அது மண்ணு போறதுக்கு. இது உப்பு போறதுக்கு."

ஆய்வகத்திலிருந்து சிறு புட்டியில் சில்வர் நைட்ரேட் கரைசல் கொண்டுவந்திருந்தேன். ஊறிய தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டதும் பால்போல் வெளுத்தது. "பாத்தியா, அதான் உப்பு" என்றேன். நைனா ஆச்சரியமாகப் பார்த்தார். அடுத்த தண்ணீரும் வெளுத்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதும் அப்படியே. எனக்குச் சந்தேகம் வந்து குழாய்த் தண்ணீரிலேயே இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். அதுவும் வெளுத்தது. உப்புத்தண்ணீர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு உப்பில்லாத தண்ணீரை எதிர்பார்த்தது என் தப்பு. இனிமேல் கருவாடு ஊறுவதற்குக் கேன் தண்ணீர் என்று உத்தரவு போட்டேன்.

"குடிக்கறதுக்கு வாங்குற தண்ணியா?" என்று அம்மா கேட்டாள். நைனாவின் உயிர் முக்கியமா, தண்ணீர் முக்கியமா என்று நான் திருப்பிக் கேட்டதும் கேனைச் சாய்த்து ஊற்றினாள்.

முதல் நாள் குழம்பை ஊற்றிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்ட நைனா, "பஞ்ச மெல்ற மாரி கீது" என்றார். நாக்கு பழகிக்கொள்ளும் என்று ஆறுதல் சொன்னேன். அடுத்த வாரமே உண்மையாகவே பழகிவிட்டது. "இப்ப நல்லா கீதும்மா" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொன்னேன். கணக்கு டீச்சர் தன் மாமியாருக்காக முறையை விவரமாகக் கேட்டுக்கொண்டார். நான் மட்டும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டதில்லை. விடுதியில் தங்கிப் படித்த நாட்களிலேயே கருவாடு எனக்கு விட்டுப்போயிருந்தது.

மறுபடி டாக்டரிடம் போனபோது அம்மாவும் கூட வந்தாள். கைப்பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்த டாக்டர், இன்னொரு முறையும் அடித்துப் பார்த்தார். நைனாவின் ரத்தக் கொதிப்பு முன்பைவிட ஏறியிருந்தது.

"கருவாடு சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறாரு. ஆனா அதுல உப்பு இல்ல சார்" என்று ஆரம்பித்து, வெட்டுவது, வெதுவெதுப்பு, மூன்று தண்ணீர், சில்வர் நைட்ரேட் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"தண்ணிய ஒழுங்கா மாத்துறீங்களாம்மா?"

"மாத்துறேன் சார். இவரு பஞ்சு மாரி கீதுன்னதுலருந்து, மூணு தண்ணியும் தனித்தனியா எடுத்து வெச்சி, அதுலதான் புளி கரைக்கிறேன்."

"அம்மா!" என்றேன்.

"இன்னா அம்மா? எல்லாம் தண்ணில எறங்கிடும்னு நீதான சொன்ன? காசு குடுத்து வாங்குன தண்ணி, ருசி மொத்தமும் அதுல கீது. அதப் போயி சாக்கடைல ஊத்துவாங்களா?"

எடுத்த உப்பைக் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவேயில்லை. அது சொல்லாமலே விளங்கும் என்று நினைத்திருந்தேன். நைனா மேசை மேலிருந்த மருந்துக் கம்பெனி காலண்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டர் கேட்டார்: "நீங்களும் அதத்தான் சாப்பிடுறீங்களாம்மா?"

"இவரு துண்ணது போவ மிச்சத்த ராத்திரி நான்தான் சார் ஊத்திக்கிறேன். கொட்டவா முடியும்?"

"கைய நீட்டுங்க" என்றார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டினாள். அவள் கையில் அந்தப் பட்டையை யாரும் கட்டியதே இல்லை. அளவைப் பார்த்ததும் டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. நைனாவைவிட அம்மாவுக்கு அதிகமாக இருந்தது. அடிக்கடி தலை சுற்றுமா என்று கேட்டார். "அது அடுப்புச் சூடு சார்" என்றாள். எத்தனை காலமாக என்று கேட்டதற்கு அவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கும் தெரியவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

பஸ்ஸில் நைனா அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தார். அதுவரை அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வழியெல்லாம் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பரணிலிருந்த கருவாட்டுக் கூடையை அவரே இறக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். இப்போது ஏலத்துக்குப் போனால் வெறுங்கையோடு வருவதில்லை, மடவை மீனோ இறாலோ வாங்கிவருகிறார். குழம்பு இறங்கியதும், "உப்பு எவ்ளோ போட்ட, காட்டு" என்று அம்மாவிடம் தகராறு செய்கிறார். "நீ மொதல்ல மாத்திரைய முழுங்கு" என்கிறாள் அவள். இரண்டு பேருக்கும் அளவு இறங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் மாத்திரை என்கிறார் டாக்டர், தன் கண்காணிப்பு என்கிறார் நைனா. வேதியியலை யாரும் சொல்லவில்லை.