நான்காம் பீப்பாய்

நான் குடிக்கிறவன் அல்ல. ஆனாலும் ஏறத்தாழ இரண்டு வருடம், இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்து வைன் கடையொன்றில் எந்த வைனை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லும் வேலை என்னிடம் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. சம்பளம் வாங்கியது நிலம் துடைக்கவும் பெட்டி இறக்கவும்தான்.

வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில் அந்தக் கடை இருந்தது. சிசிலியின் சிவப்பு வைன்களை மட்டுமே அங்கே விற்றார்கள். கடைக்காரியை நான் இத்தாலிய மரியாதைப்படி சினியோரா என்று கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கொரோனா வந்து சுகமான பிறகு அவருக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. ஒருநாள் பின்னறை அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கடை முழுக்க மணத்தது. அவரோ அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். வெளியில் தெரிந்தால் கடையை மூடவேண்டியதுதான் என்றார்.

அடுத்த கிழமை ஒரு கிளாஸை என் கையில் தந்து, என்ன மணக்கிறது என்று கேட்டார். நாவற்பழம் என்றேன். அதற்கு இத்தாலிய மொழியில் சொல் தெரியாமல் போனில் படம் தேடிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, கறுப்பு முசுக்கொட்டைப் பழம் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். நேரோ தாவோலா என்ற திராட்சையின் வைன் அது.

அப்படித்தான் தொடங்கியது. எட்னா எரிமலைச் சரிவிலிருந்து வந்த வைன் வெளிறிய சிவப்பு. தீக்குச்சியை உரசி அணைத்த மணம் அதில் இருந்தது. தெற்கே விற்றோரியா என்ற ஊர்ப்பக்கத்து ஃப்ரப்பாத்தோ வைனில் றோஜாப்பூத் தண்ணீரின் மணம். பெரிக்கோனே என்ற திராட்சை பலேர்மோவுக்குத் தெற்கேயுள்ள குன்றுகளில் விளைவது. அதன் வைன் நாக்கைச் சுருக்கும். வறுத்த புளியங்கொட்டையும் மிளகும் சேர்ந்த மாதிரி. எனக்கு அதுதான் பிடித்தது. ஒரு மிடறு வாயில் வைத்துக் கொப்பளித்து வாளியில் துப்புவேன். வெள்ளிக்கிழமைகளில் மணந்து பார்ப்பதோடு சரி. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே முகர்ந்து பார்ப்பாள்.

"சனம் என்ன கதைக்கினம் எண்டு தெரியுமே? கோயிலுக்கு வாற மனிசன் குடிக்கத் தொடங்கிட்டாராம் எண்டு," என்று ஒருநாள் சொன்னாள். சினியோராவின் ரகசியம் என்பதால் அவளுக்கும் நான் ஒன்றும் விளக்கவில்லை.

சினியோராவுக்கு ஒரு தம்பி. பெரிக்கோனே விளையும் அந்தக் குன்றுகளில் இருந்த தகப்பனின் திராட்சைத் தோட்டத்தை அவர்தான் பார்த்து வந்தார். தகப்பன் செத்த பிறகு காணிப் பிரச்சினையில் இருவரும் ஏழு வருடம் முகம் பாராமல் இருந்தார்கள். தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை, ஒரு காலை, அந்த மனிதர் நாலு சின்னப் போத்தல்களைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தார். கடைசி அறுவடையின் பெரிக்கோனே நாலு மரப்பீப்பாய்களில் இருந்தது. நாலையும் ஒன்றாகக் கலந்து போத்தலில் அடைக்கவேண்டும். நாலாவதில் மட்டும் அவருக்கு ஒரு சந்தேகம். நாள் முழுக்க அந்த நிலவறைக்குள் நிற்பதால் தன் மூக்கை நம்ப முடியவில்லை என்றார். தகப்பன் கடைசிவரை மகளின் மூக்கைத்தான் நம்பினாராம். அதனால் அக்காவிடம் வந்திருந்தார்.

சினியோரா அழுதுவிட்டார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தம்பியார் என்னிடமும் கைகுலுக்கி, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பை தோடம்பழம் தந்தார். பிறகு சினியோரா நாலு போத்தல்களையும் நாலு கிளாஸ்களில் ஊற்றித் தட்டில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று சொல்லி, நான் முன்னமே போய் நின்ற பின்னறைக்குக் கொண்டுவந்தார். தனக்கு மணம் தெரியாது என்பதைத் தம்பியிடம்கூடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

முதல் மூன்றும் அருமை. நாலாவதை மூக்கருகில் கொண்டுபோனதுமே தெரிந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் மணம். அதற்குப் பின்னால் மெல்லிய வினாகிரிப் புளிப்பு. திரைச்சீலை இடுக்கால் கடைக்குள் பார்த்தேன். தம்பியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி, சுவரில் இருந்த தகப்பனின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன?" என்று சினியோரா மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் நல்லம்," என்றேன்.

அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை என்றுதான் பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நிலம் துடைக்க வந்த நான், ஒருவர் வருடம் முழுக்கப் பாடுபட்டதைப் பழுது என்று எப்படிச் சொல்வது என்ற பயமும் இருந்தது. என் மூக்கு பிழையாக இருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். ஆனால் என் மூக்கு பிழையில்லை.

தம்பியார், கெடாமல் காக்கும் மருந்து அதிகம் போடாமல் வைன் செய்கிறவர். அக்காவின் சொல்லை நம்பி நாலையும் கலந்து அடைத்தார். கெட்டது நல்லதுக்கும் பரவிவிட்டது. சித்திரை பிறந்து சில நாளில், அக்காவின் வாடிக்கையாளர்களுக்கு முன்னால் முதல் போத்தலை அவரே திறந்து ஊற்றினார். எல்லோரும் ஒரு மிடறு குடித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளாஸை மேசையில் வைத்தார்கள். தம்பியார் தானும் குடித்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா வேண்டுமென்றே பழிவாங்கினார் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு சினியோரா பின்னறைக்கு வந்தார்.

"அண்டைக்கு உனக்குத் தெரிஞ்சதா?"

அவர் கேட்டது இத்தாலியனில். என் நினைவில் அது எங்கள் தமிழில்தான் இருக்கிறது.

"ஓம், சினியோரா."

அவர் சத்தம் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து, அந்த ஒரு பீப்பாயை மட்டும் ஒதுக்கியிருந்தால் மற்ற மூன்றும் தப்பியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, பிழை உன்னுடையது அல்ல, என் மூக்கின் குறையை மறைத்தது நான் என்றார். தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. தம்பியார் அதை நம்பவில்லைப்போல.

என்னைச் சினியோரா வேலையால் நிறுத்தவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு கிளாஸையும் என் கையில் தரவில்லை. இப்போது வைன் படித்த ஒரு பெண் கிழமைக்கு இரண்டு முறை வந்து சுவைத்துவிட்டுப் போகிறாள். நான் அவள் குடித்த கிளாஸ்களைக் கழுவுகிறேன்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்தக் குன்றுகளுக்குப் போனேன். பொய் சொன்னது நான்தான், உங்கள் அக்கா அல்ல என்று சொல்லவேண்டும் என்பதற்காக, வசனங்களைப் பஸ்ஸிலேயே பாடமாக்கினேன். தோட்டம் இருந்தது. கொடிகளில் காய்கள் இன்னும் பச்சையாக இருந்தன. படலையில் நின்ற வேலையாள், காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு உடைமைக்காரர் வடக்கே மகளிடம் போய்விட்டார் என்றான். நீர் யார் என்று கேட்டான். வேலை தேடி வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அன்றைக்கும் உண்மையைச் சொல்லவில்லை என்பது பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் உறைத்தது.